அந்த ஒரு மணி நேரத்தை யார் தருவது? – வாசகர் கேள்வி பதில்

சிறு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே தமக்கென்று ஒரு குறிக்கோளையும் வைத்திருப்பவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31. கணிதத்தில் இளங்கலை முடித்திருக்கிறேன். மூத்தவளுக்கு 4 வயது, இளையவனுக்கு ஒன்றரை வயது. கணவர் துபாயில் வேலை செய்கிறார். நானும் குழந்தைகளும் மாமியாருடன் ஊரில் இருக்கிறோம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்பது என் குறிக்கோள். அதிகாலை 4 மணிக்கு எழுந்து படிப்பது என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. நான் எழுந்த பத்தாவது நிமிடத்தில் இளையவன் எழுந்துவிடுகிறான். எனக்கு மன உறுதி போதவில்லையா, அல்லது இது இப்போதைக்கு ஆகாத ஆசையா?
– வாசகி, திங்கள்நகர்

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம்தான் தவறு. குழந்தையின் ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முதற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. விடியலை நெருங்க நெருங்க உறக்கம் இலேசாகிவிடும். ஒரே பாயில் படுத்திருக்கும் தாய் 4 மணிக்கு எழுந்தால், அந்தச் சூடு விலகியதைப் பிள்ளை உடனே உணர்ந்துகொள்கிறது. அதே பிள்ளை இரவு எட்டரைக்குத் தூங்கியிருந்தால், ஒன்பதிலிருந்து பத்தரை வரை நீங்கள் பக்கத்து அறையில் விளக்கைப் போட்டுப் படித்தாலும் பெரும்பாலும் அசையாது. வெற்றி பெற்றவர்களின் பேட்டிகளிலெல்லாம் அந்த அதிகாலை 4 மணி தவறாமல் வந்துவிடும். அந்த 4 மணிக்கு அவர்கள் வீட்டுத் தொட்டிலை யார் ஆட்டினார் என்று மட்டும் பேட்டி எடுத்தவர் கேட்பதில்லை.

இனி, கொஞ்சம் கடினமான விஷயத்துக்கு வருகிறேன். "எப்படியாவது நேரம் கண்டுபிடித்துவிடுவேன்" என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், கண்டுபிடிப்பதற்கென்று நேரம் எந்த மூலையிலும் ஒளிந்துகிடப்பதில்லை. நீங்கள் படிக்கும் ஒரு மணி நேரம் என்பது, அந்த ஒரு மணி நேரம் வேறொருவர் உங்கள் பிள்ளையின் பின்னால் ஓடும் உழைப்பு. ஆகவே, அந்த உழைப்பைத் தரக்கூடியவரிடம் வெளிப்படையாகக் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இதை நான் தோற்றுத்தான் தெரிந்துகொண்டேன். தக்கலையில் குடியிருந்த காலத்தில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அஞ்சல்வழியில் முதுகலை படித்தேன். வீட்டில் யாரிடமும் எதையும் கேட்காமல், அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பாடநூலைச் சாய்த்துவைத்துப் படித்து முடித்துவிடலாம் என்பது என் திட்டம். அந்தப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது: முதல் நாற்பது பக்கங்களில் மஞ்சள் விரல் தடங்கள், அதற்குப் பிறகு சுத்தமான வெள்ளைத் தாள். முதலாண்டில் ஒரு தாளில் தோற்றேன். மதிப்பெண் பட்டியல் வந்த அன்று இரவுதான் கணவரிடம் முதன்முறையாக, "சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை வீடு உங்களுடையது" என்று சொன்னேன். அவருக்குச் சமைக்கத் தெரிந்தது மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் மட்டுமே. முதல் நான்கு சனிக்கிழமையும் கறியில் உப்பு தூக்கலாக இருந்தது. நான் அடுக்களைப் பக்கம் போகவில்லை. படிப்பை விட அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஐந்தாவது சனிக்கிழமை உப்பு சரியாகிவிட்டது.

உங்கள் வீட்டில் கேட்க வேண்டியவர்கள் இருவர். மாமியாரிடம் "கொஞ்சம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது கேள்வியே ஆகாது, ஏனென்றால் அந்தக் "கொஞ்சம்" எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியாது. முடிவு தெரியாத வேலை எவருக்கும் சலிப்பைத் தரும். "திங்கள், புதன், வெள்ளி மதியம் இரண்டரை முதல் மூன்றரை வரை" என்று கேளுங்கள். மூன்றரைக்குச் சரியாக எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மீதி இருந்தாலும் மூடிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்தில் திரும்பி வருபவருக்குத்தான் அடுத்த முறையும் நேரம் கிடைக்கும். மூத்தவளை அங்கன்வாடிக்கு அனுப்புகிறீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இரண்டு வயது முடிந்த குழந்தைகளை அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள், மதிய உணவும் உண்டு. இதுவரை அனுப்பவில்லை என்றால் இந்த மாதமே அனுப்பத் தொடங்கலாம்.

இரண்டாமவர் உங்கள் கணவர். கடல் கடந்து இருப்பவர் என்ன செய்துவிட முடியும் என்று எண்ண வேண்டாம். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே இரவு எட்டு மணி ஆகும்போது அங்கே ஆறரை. வேலை முடிந்து அறைக்கு வந்தவர், வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் காணொளி அழைப்பில் மூத்தவளுக்குக் கதை சொல்லட்டும். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் இளையவனைத் தூங்கவைத்துவிடலாம். அக்கா விழித்துக்கொண்டு சத்தம் போடுவதால்தான் தம்பி தூங்குவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

படிக்க வேண்டியவற்றை நேரத்தின் அளவுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். அதில் 100 வினா தமிழ், 75 வினா பொது அறிவு, 25 வினா திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண்ணாவது எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படவே மாட்டாது. கணிதம் படித்த உங்களுக்குத் திறனறிவு கைவந்தது. பழைய வினாத்தாள்களை வைத்துப் பயிற்சி செய்தால் போதும். தாளில் பாதியாக இருக்கும் தமிழோ, துண்டு துண்டான நேரத்துக்கு என்றே அமைந்தது போன்றது: இலக்கணக் குறிப்பு, பிரித்தெழுதுதல், எதிர்ச்சொல், நூலும் ஆசிரியரும் ஆகியவற்றைப் பேருந்து வரும் வரையிலும் படிக்கலாம், புட்டு வேகும் வரையிலும் படிக்கலாம். அரசமைப்பும் விடுதலைப் போராட்ட வரலாறும் அப்படியல்ல. அவற்றுக்குத் தொடர்ச்சி தேவை. மாமியார் தரும் ஒரு மணி நேரத்தை அவற்றுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; கிடைத்த அமைதியான நேரத்தில் எதிர்ச்சொல்லைப் படித்துவிட்டு, பிள்ளை இடுப்பில் இருக்கும்போது அரசமைப்பைப் புரட்டுகிறார்கள்.

மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறது என்றீர்கள். 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று எங்கேயாவது கேட்டிருப்பீர்கள், அது வராதபோது மனம் சோர்ந்திருக்கும். லண்டனைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் அந்தக் கணக்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நமக்கு வேண்டிய செய்தி அதன் அடுத்த வரியில் இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் படிக்காததால் எல்லாம் போயிற்று என்று புத்தகத்தைப் பரணில் ஏற்றுவதுதான் உண்மையான இழப்பு. ஆகவே "தினமும்" என்ற சொல்லை உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, "வாரத்தில் ஐந்து முறை, முறைக்கு 40 நிமிடம்" என்று வையுங்கள். எந்த ஐந்து என்பதை அந்த வாரம் முடிவு செய்யட்டும். 40 வாரத்தில் அது 133 மணி நேரமாகிறது.

தவறிப்போகும் நாளுக்கும் இப்போதே ஒரு வழி சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவுசெய்துவைப்பவர்கள் வெறுமனே உறுதி எடுத்துக்கொள்பவர்களை விட அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். உங்கள் வீட்டுக்கு அது இப்படி இருக்கலாம்: "இளையவன் ஒன்பது மணிக்கும் தூங்காவிட்டால், அன்று புத்தகம் இல்லை, அவனை மடியில் வைத்துக்கொண்டு பத்து எதிர்ச்சொற்களை அவனிடமே சொல்வேன்." அவனுக்கு அது தாலாட்டாக இருக்கும்.

கேள்வி: நான் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. அதிகாலை வெட்டப் போனால் பாலெடுத்து, ஷீட் அடித்து வீட்டுக்கு வர மதியம் ஆகும். கூடுதல் வருமானத்துக்குத் தேனீ வளர்க்க வேண்டும், மூன்று ஆண்டில் முப்பது பெட்டியாக்க வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறேன். தொழில் கற்க ஒரு தேனீ வளர்ப்பவரிடம் ஞாயிறுதோறும் போய்வருகிறேன். மனைவி அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்கிறாள். பிள்ளைகளுக்கு வயது 6, 3. "ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளைகளோடு இருக்கக் கூடாதா" என்று வீட்டில் சண்டை. குடும்பத்துக்காகத்தானே செய்கிறேன்?
– வாசகர், குலசேகரம்

பதில்: குடும்பத்துக்காகத்தான் செய்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அதற்கான செலவை யார் கையிலிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆறு நாள் கருகிய முந்திரித் தோட்டோடு மல்லாடிவிட்டு வரும் உங்கள் மனைவிக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அதில் இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் புறப்பட்டுப் போகிறீர்கள். உங்களுக்கோ வார நாட்களில் மதியத்துக்குப் பிறகு நேரம் இருக்கிறது. தேனீப் பெட்டிகளை வாரத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். அதை ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் செய்யக் கூடாதென்று தேனீக்கள் சொல்லப்போவதில்லை. சொல்லித்தருபவரிடமும் நாளை மாற்றிக் கேளுங்கள்.

குறிக்கோளைப் பொறுத்தவரை, உங்கள் தொழிலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் வாரங்களில் பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றுவிடும், கையில் காசு குறையும். நம் மாவட்டத்தில் தேன் கூடும் பருவமும் ஏறக்குறைய அதுதான், ஏனென்றால் நம் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து வருகிறது. தை மாதத்தில் தொடங்கிப் பங்குனி வரை எடுப்புக் காலம். அந்த வாரங்களில் வேலை கூடும் என்பதை மனைவியிடம் இப்போதே, நாட்காட்டியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ஆடி, ஆவணி மழையில் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைப்பதைத் தவிரப் பெரிய வேலை இராது. அந்த ஞாயிறுகள் முழுவதும் பிள்ளைகளுக்கு என்றும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

முப்பது என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைத் தாக்கும் ‘தாய் சாக் புரூட்’ (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. கூட்டங்களின் எண்ணிக்கை நம் கையில் மட்டும் இல்லை. நம் கையில் இருப்பது, வாரம் தவறாமல் பெட்டியைப் பார்ப்பது, பெட்டிக் காலுக்கு அடியிலுள்ள கிண்ணத்தில் எறும்பு ஏறாதபடி தண்ணீர் வற்றாமல் வைத்திருப்பது போன்றவை. அவற்றைக் குறிக்கோளாக வையுங்கள். மூன்று பெட்டியில் தொடங்கி ஒரு பருவம் முழுவதும் பார்த்துவிட்டுப் பெருக்கலாம். பெட்டிகள் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் வேண்டாம். புரையிடத்தின் (வீட்டுத் தோட்டத்தின்) கடைசியில் இருக்கட்டும். முகவலை போட்டுக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளை சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம்; மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் உங்கள் மனைவிக்கு என்ன ஆசை என்று ஒரு வரி கூட இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: தனியார் கல்லூரியில் பணிபுரிகிறேன். முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய விரும்புகிறேன். மகனுக்கு 3 வயது. இரண்டாவது குழந்தையும் வேண்டும் என்று இருக்கிறோம். கணவர் "பிள்ளைகள் வளரட்டும்" என்கிறார். தள்ளிப்போடுவதா, தொடங்குவதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: "பிள்ளைகள் வளரட்டும்" என்பது சம்மதமும் அல்ல, மறுப்பும் அல்ல, எந்த வயதில் பிள்ளை வளர்ந்ததாகக் கணக்கு என்று ஒரு மாதத்தையும் ஆண்டையும் அவரிடம் கேட்டு வாங்குங்கள். தேர்வு வயது வரம்பு போல, கதவு மூடிவிடும் குறிக்கோள்கள் உண்டு; காத்திருக்கும் குறிக்கோள்களும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு வயது வரம்பு இல்லை என்பதால் அது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆனால் பதிவுசெய்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டு வரை பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு வரை தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தப் படிப்புக் காலத்தில் 240 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். நுழையும்போதே இதை நெறியாளரிடம் பேசிவிடுங்கள். பிறகு பேசினால் அது சலுகை கேட்பது போல் ஆகிவிடுகிறது.

என் கருத்து: இரண்டாவது குழந்தை வேண்டும் என்பது உறுதியானால், பதிவை ஓராண்டோ இரண்டாண்டோ தள்ளிவையுங்கள், வாசிப்பைத் தள்ளிவைக்க வேண்டாம். தலைப்பு முடிவாகி, முந்தைய ஆய்வுகளில் ஐம்பது கட்டுரைகளுக்குக் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டு பதிவுசெய்பவருக்கு முதலாண்டு இலேசாகக் கழியும். மற்றவர்கள் அந்த ஆண்டைத் தலைப்பு தேடியே கழிக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 63. மகள் வேலைக்குப் போகிறாள். பதவி உயர்வுக்காக மாலையில் கணினி வகுப்புக்கும் போகிறாள். பேரக் குழந்தைகள் இருவரும் (5, 2) என்னிடம். அவள் முன்னேறுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஊர் ஆலயத்தில் பாடகர் குழுவுக்கு ஆள் கேட்கிறார்கள். வியாழன் மாலை 6 மணிக்குப் பயிற்சி. சிறுவயதில் நான் பாடியவள். மகளிடம் கேட்க ஒரு மாதிரியாக இருக்கிறது.
– வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: பெற்றோர் பகுதிக்கு எழுதலாமா என்று தயங்கியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள்தான் எழுத வேண்டியவர். மேலே திங்கள்நகர் வாசகியிடம் "மாமியாரிடம் கேளுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்; அந்த மாமியாருக்கும் ஒரு வியாழக்கிழமை இருக்கக்கூடும் என்பதை உங்கள் கடிதம் எனக்கு நினைவூட்டியது. அவரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

மகளின் வகுப்பு வியாழனன்றும் உண்டா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஒரு நாள் மருமகன் ஐந்தே முக்காலுக்குள் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும், அதை அவரிடம் மகள் சொல்லட்டும். நீங்கள் நேரடியாக, இருவரும் இருக்கும்போது, "வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கு நான் ஆலயத்துக்குப் போகிறேன், எட்டு மணிக்கு வருவேன்" என்று சொன்னால் போதும். "போகட்டுமா" என்று இழுக்க வேண்டாம். புறப்படும் முன் இளையவனுக்குக் கஞ்சி காய்ச்சி, ஏத்தம்பழம் வேகவைத்து, மூடிவைத்துவிட்டுப் போகாதீர்கள். கஞ்சிப் பானை எங்கே இருக்கிறது என்று அவர்கள் தேடிக்கொள்ளட்டும்.